டேப்பில் அளந்த குளிர்

திண்டுக்கல்லுக்கும் கன்னிவாடிக்கும் இடையில் உள்ள ஒரு தனியார் பால் கம்பெனியில், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துத் திரவமாக்கும் சிறிய இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. நிறையத் திரவம் தரும் என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. மின்சாரம் குறைவாகச் செலவாகும் என்பதற்காகவும் இல்லை. முப்பத்து மூன்று அங்குலக் கதவுக்குள் அது நுழையும் என்பதால் தேர்ந்தெடுத்தோம். தேர்வுக் குறிப்பில் கையெழுத்துப் போட்ட மூன்று பேரில் நான் ஒருவன்.

போன மாதம் அந்தக் கம்பெனியின் கொள்முதல் பிரிவிலிருந்து கார்த்திகா என்ற இளம் பொறியாளர் போனில் அழைத்தார். இரண்டாவது இயந்திரம் வாங்கப் போகிறார்களாம். பழைய கோப்பை எடுத்துப் படித்தவருக்கு ஒரு சந்தேகம்.

"சார், நீங்க எழுதுன ஏழு பக்க நோட் இருக்கு. ரொம்பத் தெளிவா இருக்கு. ஆனா அதுல நீங்க சொல்ற மெஷின் இங்க இல்ல. வேற ஒண்ணு ஓடுது. கடைசியில கதவு அளவு போட்டு ஒரு வரி இருக்கு, உங்க கையெழுத்தும் இருக்கு. இது எப்படி சார்?"

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்றேன். எழுதித் தருவதாகச் சொன்னேன். அதுதான் இது.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. ஐ.டி.ஐ.யில் குளிர்பதனம் படித்தேன். வேலை கிடைக்காத இரண்டு ஆண்டுகள் ஒரு நாளிதழுக்குத் திண்டுக்கல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். எது நடந்தாலும் இடம், நேரம், எண்ணிக்கை மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளும் பழக்கம் அங்கே வந்தது. பிறகு ஐஸ் கம்பெனி, ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் குளிர்கிடங்கு, கடைசி இருபத்திரண்டு ஆண்டுகள் இந்தப் பால் கம்பெனியில் பராமரிப்பு மேற்பார்வை. குளிரை உண்டாக்குவதே என் பிழைப்பு. அதில் வியர்க்காத நாள் கிடையாது.

பால் கம்பெனிக்கு எதற்கு நைட்ரஜன் என்று கேட்பவர்கள் உண்டு. பால் வேண்டுமென்றால் மாடு கன்று போட வேண்டும். எங்களுக்குப் பால் ஊற்றும் ஊர்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது கம்பெனியின் பொறுப்பு. காளையின் விந்தைப் பென்சில் முனை தடிமனுள்ள பிளாஸ்டிக் குச்சிகளில் அடைத்து உறைய வைத்திருப்பார்கள். அந்தக் குச்சிகள் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனுக்குள் மூழ்கிக் கிடக்கும்வரை உயிரோடு இருக்கும். திரவம் வற்றினால் சாகும். செத்த குச்சிக்கும் உயிருள்ள குச்சிக்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது. ஊசி போட்டு இருபத்தொரு நாள் கழித்து மாடு மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும்போதுதான் தெரியும். அப்போதும் பழி மாட்டின்மேல் விழும்.

எங்களிடம் ஆறு கேன்கள் இருந்தன. வாய் குறுகி வயிறு பருத்த அலுமினியக் கேன்கள். திரவம் வெளியூரிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை வண்டியில் வந்துகொண்டிருந்தது. வழியிலேயே ஒரு பங்கு ஆவியாகிவிடும். நாமே தயாரித்தால் என்ன என்ற யோசனை அப்படித்தான் வந்தது. யோசனை சரியானது. அதை நிறைவேற்றிய வரிசையில்தான் கோளாறு.

கம்பெனிக்கு இரண்டு பங்குதாரர்கள். ஜமால் பாய் திண்டுக்கல்லில் தலைமுறையாக நெய் வியாபாரம் செய்யும் குடும்பம். வாரத்தில் இரண்டு நாள் வருவார், எல்லாவற்றையும் கேட்பார், எதிலும் தலையிட மாட்டார். அன்றாட நிர்வாகம் பழனிச்சாமி ஐயா கையில். தொப்பம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. வாசலில் குறுக்கே படுத்திருக்கும் நாயைக்கூட "செத்த நவுந்துக்கங்க" என்பார். ஒரு யோசனையை ஏற்றுக்கொண்டால் "சரீங்க" என்பார். நிராகரித்தால் "அருமைங்க" என்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்த "அருமைங்க"வை நம்பி வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்தது உண்டு.

அவர் இடுப்பு பெல்ட்டில் எப்போதும் ஐந்து மீட்டர் இரும்பு டேப் தொங்கும். எதையும் அளந்துதான் நம்புவார். தீவன மூட்டையின் உயரம், வேலிக் கல்லின் இடைவெளி, தச்சன் செய்து வந்த பெஞ்சின் நான்கு கால்கள் எல்லாவற்றுக்கும் டேப் வெளியே வரும். அளக்கும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். எண் கிடைத்துவிட்டால் உலகம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம்.

இயந்திரம் வாங்குவது என்று முடிவானதும் அவர் முதலில் செய்தது அறை கட்டியதுதான். என்ன இயந்திரம், எவ்வளவு பெரியது என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் அறை தயாரானது. பத்தடிக்குப் பதினோரடி. எங்கள் பக்கத்து மனையடிக் கணக்குப்படி பத்தடி என்றால் ஆடு மாடு பெருகும். பதினோரடி என்றால் பால் சோறு. பால் கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான அறை இருக்க முடியாது. கதவின் அகலம் இந்த இரண்டையும் கூட்டி எதனாலோ வகுத்து வந்தது: முப்பத்து மூன்று அங்குலம். ஜன்னல் கணக்கில் வரவில்லை. அதனால் ஜன்னல் இல்லை.

இந்தக் கணக்கில் உங்களுக்கு நம்பிக்கை உண்டா என்று ஜமால் பாயிடம் ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு அதுல நம்பிக்கை கிடையாதுப்பா சவரி. ஆனா அவரு நம்பிக்கை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. இம்புட்டு வருசம் அப்படித்தான் ஓட்டியிருக்கோம்."

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, "திரவ நைட்ரஜன் நிலையம்" என்று நீல எழுத்தில் பெயரும் எழுதி முடித்த பிறகுதான் மூன்று கம்பெனிகளிடமிருந்து விவரம் வந்தது.

முதல் இயந்திரம் தண்ணீரால் குளிர்விக்கப்படுவது. நல்ல உழைப்பாளி. ஆனால் எங்கள் போர் தண்ணீரின் உப்பு அதன் குழாய்களில் ஒரே கோடையில் சுண்ணாம்புப் பாறை கட்டிவிடும். இரண்டாவது காற்றால் குளிர்விக்கப்படுவது. வெப்பத்தைக் கக்கும் கம்ப்ரசரைத் தனியாகக் கழற்றி வெளியே கூரை போட்டு வைத்துக்கொள்ளலாம். ஐம்பத்தொரு அங்குல அகலம். மூன்றாவது எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கியது. பீரோ மாதிரி, அடியில் சக்கரம். முப்பது அங்குலம். விளம்பரத் தாளில் "கச்சிதம்" என்ற சொல் ஐந்து இடங்களில் இருந்தது. ஆறாவது இடத்தில், கண்ணாடி போட்டால் தெரிகிற எழுத்தில், இந்த அளவுத் திரவம் அறை வெப்பம் இருபத்தைந்து டிகிரியாக இருந்தால் கிடைக்கும் என்று போட்டிருந்தது.

நான் இரண்டாவதைப் பரிந்துரைத்து ஏழு பக்கம் எழுதினேன். ஒரு நாளுக்கு எவ்வளவு திரவம் நமக்கு வேண்டும், சித்திரை வெயிலில் எது எவ்வளவு தரும், மின்சாரம் நின்று வந்தால் மறுபடி குளிர எவ்வளவு நேரம் ஆகும், பழுதானால் ஆள் எங்கிருந்து வர வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. கார்த்திகா தெளிவாக இருக்கிறது என்று பாராட்டியது அதைத்தான்.

கூட்டம் அரை மணி நேரம் நடந்தது. மூன்றாவது கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி சென்னையிலிருந்து வந்திருந்தார். கழுத்தில் டை, கையில் கைக்குட்டை. கைக்குட்டைதான் அதிகம் வேலை செய்தது. இருபத்தைந்து டிகிரி திண்டுக்கல்லில் எந்த மாதம் இருக்கும் என்று நான் கேட்டேன்.

"சார், அது ரூம் டெம்பரேச்சர். ரூமுக்கு உள்ள சொல்றது. வெளிய இல்ல."

"மார்கழியில ரெண்டு நாள் இருக்கும்ப்பா," என்றார் ஜமால் பாய். "விடியுமுன்னாடி, பஜ்ருத் தொழுகை நேரத்துல."

பழனிச்சாமி ஐயா என் குறிப்பை ஏழு பக்கமும் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தலையசைப்பு.

"அருமைங்க சவரிமுத்து," என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது.

"அம்பத்தொண்ணு அங்குலம்னு போட்டிருக்கீங்க. நம்ம கதவு முப்பத்திமூணுங்களே."

கதவை அகலப்படுத்திக்கொள்ளலாம், ஒரு கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை என்றேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. ஒரு குழந்தைக்கு விளக்குவது போலச் சொன்னார்.

"கதவ இடிச்சா அப்பறம் அந்தக் கணக்கே போயிருமுங்க. மெஷினு நூறு வருமுங்க. கணக்கு ஒண்ணுதானுங்க."

என் குறிப்பின் கடைசிப் பக்கத்தில், என் ஏழு பக்க வாதத்துக்குக் கீழே, அவர் கையாலேயே ஒரு வரி எழுதினார்: கதவு 33, மூன்றாவது இயந்திரம் 30, ஏற்கப்பட்டது. கையெழுத்துப் போட்டார். ஜமால் பாய் போட்டார். பேனா என்னிடம் வந்தது. நானும் போட்டேன். மறுத்திருக்கலாம். பேனா நல்ல பேனா, மேஜையில் டீ ஆறிக்கொண்டிருந்தது, மற்ற இருவரும் போட்டிருந்தார்கள். இதைவிடப் பெரிய காரணம் எதையும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இயந்திரம் கதவுக்குள் நுழைந்த நாளில் தேங்காய் உடைத்தோம். முதல் சொட்டுத் திரவம் விழ ஒன்றரை நாள் ஆனது. விருந்தினர்கள் முன்னால் அதைத் தரையில் ஊற்றிக் காட்டினேன். பாதரசம் மாதிரி உருண்டு ஓடி மறைந்தது. மல்லிகைப்பூ ஒன்றை முக்கி எடுத்துக் கொடுத்தேன். ஜமால் பாய் விரல்களுக்கு நடுவே வைத்து அப்பளம் போல நொறுக்கினார். ஒரு நாளிதழில் படம் வந்தது. குளிர்பானம் தயாரிக்கும் நவீன இயந்திரம் என்று கீழே போட்டிருந்தார்கள். அந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் நான் ஆச்சரியப்படவில்லை. அன்றைக்கே பழனிச்சாமி ஐயா வெளியூர் வண்டியை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

குளிரை உண்டாக்கும் இயந்திரம் குளிரைப் படைப்பதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தைப் பிடுங்கி வெளியே எறிகிறது, அவ்வளவுதான். ஜன்னல் இல்லாத பத்துக்குப் பதினோரடி அறையில் வெளியே என்பதும் அந்த அறைதான். கதவை மூடினால் மதியத்துக்குள் அறை நாற்பத்து நான்கு டிகிரிக்குப் போகும். இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். தப்பு அதனுடையது அல்ல.

ஆனால் பால் கம்பெனியில் வேலை செய்பவர்களுக்குக் குளிர் என்றால் ஒன்றுதான்: பால் குளிரறை. அங்கே கதவைத் திறந்து போட்டவனுக்கு வசவு விழும். இருபது ஆண்டாக அந்த வசவை வாங்கியவர்கள், கொடுத்தவர்கள் எல்லோரும் நைட்ரஜன் அறைக் கதவையும் பார்த்த இடத்தில் மூடினார்கள். பழனிச்சாமி ஐயா ஒரு அட்டையும் எழுதி ஒட்ட வைத்தார்: "கதவை மூடவும். குளிர் வெளியேறிவிடும்." வெளியேற வேண்டியது வெப்பம் என்று நான் விளக்கினேன். அருமைங்க என்றார்.

அதனால் நான் ஒரு செங்கல்லைக் கொண்டுவந்தேன். காலையில் வந்ததும் கதவைத் திறந்து செங்கல்லை முட்டுக் கொடுப்பேன். அவர் சுற்றிப் பார்க்க வரும் நேரத்தில் எடுத்து மறைப்பேன். செங்கல் இருந்தவரை இயந்திரம் ஓடியது. ஏழு பக்கக் குறிப்பு செய்யாததை ஒரு செங்கல் செய்தது.

அந்தச் சித்திரையில் மகளுக்குப் பிரசவம். ஐந்து நாள் விடுப்பில் திருச்சிக்குப் போனேன். விடுப்பு விண்ணப்பத்தில் எல்லாம் எழுதியிருந்தேன். செங்கல்லைப் பற்றி மட்டும் எழுதவில்லை. எழுதக்கூடிய விஷயமாக அது இல்லை.

"நீங்க போயிட்டு வாங்க. நானே பாத்துக்கறேனுங்க," என்றார் பழனிச்சாமி ஐயா. பார்த்துக்கொண்டார். அதுதான் விபரீதம்.

கேனில் திரவம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு முறை உண்டு. கறுப்புப் பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றை அடிவரை இறக்க வேண்டும். பத்து எண்ண வேண்டும். வெளியே எடுத்துக் காற்றில் இரண்டு முறை வீச வேண்டும். திரவத்தில் நனைந்த பகுதியில் மட்டும் வெள்ளையாகப் பனி படியும். பனி எத்தனை சென்டிமீட்டரோ திரவமும் அத்தனை. பதினைந்துக்குக் கீழே போகவிடக் கூடாது. அந்த அளவுகோல் எண்கள் பாதி அழிந்து, பார்வைக்கு மட்டமாகத்தான் இருக்கும்.

பழனிச்சாமி ஐயாவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. பெல்ட்டில் இருந்த டேப்பை எடுத்தார்.

இரும்பு அப்படிப்பட்டதல்ல. திரவத்தைத் தொட வேண்டியதில்லை. அதற்கு மேலே நிற்கும் ஆவியிலேயே குளிர்ந்துபோகும். வெளியே எடுத்தால் நெடுக வெள்ளை பூத்திருக்கும். நான் கிளம்பிய நாளில் நான்காம் கேனில் இருபது என்று பதிவேட்டில் எழுதியிருந்தேன். மறுநாள் அவர் அளந்தார்: இருபத்தெட்டு. இயந்திரம் முந்தின நாள் மதியமே நின்றுவிட்டிருந்தது. திரவமோ எட்டு சென்டிமீட்டர் கூடியிருந்தது.

இயந்திரம் நின்றதால் ஊசி போடும் பையன்கள் ஊர்களுக்குக் கொண்டுபோகும் குடுவைகளுக்கு ஊற்றத் திரவம் இல்லை. நான்காம் கேனில்தான் இவ்வளவு இருக்கிறதே என்று அதிலிருந்து கைப்பம்பு வைத்து எடுத்துக் கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டு மறுபடி அளந்தார்: இருபத்தெட்டேகால். மறுநாளும் கொடுத்தார்: இருபத்தேழே முக்கால். எடுக்க எடுக்கக் குறையவில்லை. அன்று வந்திருந்த ஜமால் பாயிடம் இந்த அதிசயத்தைச் சொல்லியிருக்கிறார்.

"பரக்கத்துங்க பழனி, ஆண்டவன் குடுக்குற பெருக்கம்," என்றாராம் பாய். "கேள்வி கேக்கக் கூடாது."

ஒருவரும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் காலை வந்தேன். கதவு சாத்தியிருந்தது. செங்கல் வெளியே பூந்தொட்டிக்கு முட்டாகப் போயிருந்தது. பதிவேட்டைப் பார்த்தேன்: நான்காம் கேனுக்கு நேரே நான்கு நாளும் இருபத்தெட்டை ஒட்டிய எண்கள், கால் சென்டிமீட்டர் துல்லியத்தில். கறுப்பு அளவுகோலை இறக்கினேன். பத்து எண்ணினேன். எடுத்து வீசினேன். பனி இல்லை. மறுபடி இறக்கினேன், இருபது எண்ணினேன். அளவுகோல் கறுப்பாகவே வெளியே வந்தது. கேனின் வாயில் கையை வைத்தேன். மழைக்கால ஓட்டு வீடு மாதிரி ஒரு சில்லிப்பு; அவ்வளவுதான். மற்ற கேன்களில் திரவம் இருந்தது. நான்கில் ஒரு சொட்டு இல்லை. அதில் இருந்தவை ஜெர்சிக் கலப்புக் குச்சிகள், கன்னிவாடிப் பக்கம் முழுவதற்கும்.

பழனிச்சாமி ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு கேட்டார்:

"இப்ப நெரப்பியாச்சுங்களா?"

"கதவத் தொறந்து மெஷின ஓட விட்டிருக்கேங்கய்யா. ரெண்டு மூணு நாள்ல ரொம்பிரும்."

"அப்பறம் என்னங்க. ஒரு நாளு வத்துச்சு, மறுபடி குளுந்துருமுங்க. ஐஸு உருகி மறுபடி ஒறஞ்சா ஐஸு இல்லீங்களா?"

இது ஐஸ் இல்லை, செத்தது குளிர்ந்தால் பிழைக்காது, நான்காம் கேனில் உள்ளவற்றைக் கொட்டிவிட வேண்டும் என்றேன். "பாத்துக்கலாமுங்க" என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகு எந்த விஷயமும் வெளியே வந்ததாக எனக்கு நினைவில்லை.

இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இயந்திரத்துக்கு ஏழு பக்கம் எழுதியவன், இதற்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் கதவு வரும், செங்கல் வரும், என் கையெழுத்தும் வரும். ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது. கேனை நிரப்பினேன். பதிவேட்டில் இருபது என்று எழுதினேன். அந்த இருபது உண்மையான இருபதுதான்.

ஆனி கடைசியில் முருகேசன் வந்தான். கன்னிவாடிப் பக்கம் ஊசி போடுபவன். எப்போதும் சிரித்துப் பேசுகிறவன் அன்றைக்கு வண்டியை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்தான்.

"அண்ணே, என்னைய ஊருக்குள்ள விட மாட்டேங்கிறாக. ஊசியில தண்ணி அடைச்சுட்டு வாரான்னு சொல்றாக. பதினோரு மாடுண்ணே. எல்லாம் திரும்பத் திரும்பக் கத்துது. ஒண்ணுகூடச் சினை நிக்கல."

பதினொன்றில் ஒன்று பாப்பாத்தியுடையது. அந்த வீட்டில் இருக்கும் ஒரே மாடு. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மூன்று தடவை ஊசி போட்டும் நிற்காததால் மலட்டு மாடு என்று முடிவு கட்டி, விற்றுவிடச் சொல்லிப் போனில் உத்தரவு போட்டிருந்தார். மலட்டு மாட்டை வளர்க்க யாரும் வாங்க மாட்டார்கள். மறுநாள் காலை தரகர் வண்டியோடு வருவதாக ஏற்பாடு. முருகேசன் இதைச் சொல்லிவிட்டு என்னையே பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

அன்று கால்நடை டாக்டர் வரும் நாள். வாரம் ஒருமுறை வந்து மாடுகளைப் பார்த்துவிட்டுப் போகும் பெண் டாக்டர். நான்காம் கேனிலிருந்து ஐந்து குச்சிகளை எடுத்தேன். முப்பத்தேழு டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் போட்டு, துடைத்து, நுனியை வெட்டி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் கொடுத்தேன். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அடுத்ததைக் கேட்டார். ஐந்தையும் பார்த்துவிட்டு, இரண்டாம் கேனிலிருந்து ஒன்று எடுத்து வரச் சொன்னார். அதைப் பார்த்தவர் எழுந்துகொண்டார்.

"பழனிச்சாமி சாரக் கூப்பிடுங்க. நான் சொல்றதவிட அவரே பாக்கட்டும்."

வந்தார். முதலில் இரண்டாம் கேன் குச்சி. குனிந்து பார்த்தவர், கோயில் திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கிறதே என்றார். பிறகு நான்காம் கேன். வெகுநேரம் பார்த்தார். கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் கை பெல்ட்டுக்குப் போய், டேப்பைத் தொட்டு, வெறுமனே திரும்பி வந்தது.

"எண்ணறதுக்கு அசையறது ஒண்ணுமே இல்லீங்களே," என்றார்.

மறுநாள் ஏழு மணிக்கு ஜமால் பாய் காரில் மூன்று பேரும் கன்னிவாடிக்குப் போனோம். போய்ச் சேர்ந்தபோது தரகரின் மினி வண்டி தெருவில் நின்றது. பின்கதவைத் திறந்து பலகை சாய்த்திருந்தார்கள். மாடு பலகைக்கு முன்னால் நின்று, ஏற மனமில்லாமல், பலகையை முகர்ந்துகொண்டிருந்தது.

பாப்பாத்திக்கு முப்பது வயது இருக்கும். நாங்கள் யாரென்று சொன்னதும் கயிற்றை விடாமலே நின்றார். தப்பு மாட்டின்மேல் இல்லை, எங்கள் மேல் என்று நான் சொன்னேன். கேன் வற்றியதையும் குச்சிகள் செத்ததையும் சொன்னேன். தரகர் சிரித்தார். மாடு கைவிட்டுப் போகும் நேரத்தில் இப்படி யாராவது வந்து ஏதாவது சொல்வது அவருக்குப் புதிதல்ல போலிருந்தது.

பாப்பாத்தி சிரிக்கவில்லை.

"மூணு மாசமா இந்த மாட்ட வையுறேன்," என்றார். "வாயில்லாத சீவன் அம்புட்டையும் கேட்டுக்கிட்டு நின்னுச்சு. ஊசியில உசிரு இல்லேன்னா அது என்னய்யா செய்யும்?"

பழனிச்சாமி ஐயாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது செய்வதைச் செய்தார்: டேப்பை உருவினார். மாட்டின் மார்புச் சுற்றளவு பார்த்தால் எடை சொல்லலாம், மாடு நலமாக இருக்கிறதென்று காட்டலாம் என்று நினைத்திருக்கலாம்.

"அத உள்ள வைங்க," என்றார் பாப்பாத்தி. "மாடு அளவாத்தான் இருக்கு."

உள்ளே வைத்தார்.

"எங்க வீட்டுக்காரரு நான் சொன்னா நம்ப மாட்டாரு. எழுதிக் குடுங்க. போட்டா எடுத்து அனுப்புறேன். அவரு சரின்னாத்தான் வண்டி திரும்பும்."

கார் பானட்டில் தாளை வைத்து நான் எழுதினேன். சித்திரையில் எழுதியிருக்க வேண்டிய ஒரு வரி. எழுதி முடித்ததும் பழனிச்சாமி ஐயா வாங்கிப் படித்தார். "வற்றியது" என்ற இடத்தில் விரலை வைத்து, "சிறிது குறைந்தது"ன்னு போட்டா நல்லா இருக்குமுங்களே என்றார். கம்பெனிப் பெயர் இருக்கிறதே என்று தயங்கினார். பாப்பாத்தி பத்தாவது வரை படித்தவர். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குறஞ்சுதுன்னா எம்புட்டுங்க?"

அவர் தாளிலிருந்து விரலை எடுத்தார்.

"சும்மா குறஞ்சுதுன்னா எப்படி? எம்புட்டு இருந்துச்சு, எம்புட்டு குறஞ்சுதுன்னு போடுங்க. அளந்திருப்பீகள்ல?"

இருபதாண்டுகளில் அவரிடம் யாரும் அளவு கேட்டு அவர் திணறி நான் பார்த்ததில்லை. மாடு பலகையை விட்டு விலகி அவர் சட்டையை முகர்ந்தது. அவர் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"சுத்தமா இல்லீங்க அம்மணி. ஒரு சொட்டுகூட இல்ல. நான் அளந்ததுதான் தப்புங்க."

"அதையே எழுதுங்க," என்றார் பாப்பாத்தி என்னிடம்.

அதையே எழுதினேன். நான்காம் கேன் முழுவதும் வற்றியது, அளவு தவறாக எடுக்கப்பட்டது, குச்சிகள் செத்தவை, மாட்டின்மேல் குறையில்லை. பழனிச்சாமி ஐயா கையெழுத்துப் போட்டார். ஜமால் பாய் போட்டார். நான் போட்டேன். பாப்பாத்தி படம் எடுத்துத் திருப்பூருக்கு அனுப்பினார். பதில் வரக் கால் மணி நேரம் ஆனது. அதுவரை தரகர் உட்பட எல்லோரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். "இருக்கட்டும்" என்று ஒரு சொல் வந்தது. தரகர் பலகையை எடுத்து வண்டிக்குள் எறிந்தார்.

மீதி பத்து வீடுகளுக்கும் அன்றைக்கே போனோம். ஆறு மாடுகள் இருந்தன. நான்கு மாடுகள் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. அந்த நான்கு வீட்டிலும் தாள் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். அதை வைத்து என்ன செய்வது என்று ஒரு வீட்டில் கேட்டார்கள்.

நான்காம் கேனை அன்று மாலை கொட்டினோம். அந்த வாரம் பழனிச்சாமி ஐயா கொத்தனாரைக் கூட்டி வந்து, தானே முன்னால் நின்று, கதவை இடிக்கச் சொன்னார். புதுக் கதவு ஆறடி. மனையடிக் கணக்கில் ஆறடியும் நல்ல அளவுதானாம். முதலிலேயே பார்த்திருக்கலாம் என்று அவரே சொன்னார். வெளியூர் வண்டியும் மாதம் ஒருமுறை வந்து போகட்டும் என்று உத்தரவானது. அட்டையை எடுத்துவிட்டு வேறு அட்டை ஒட்டினார்கள்: "கதவைத் திறந்து வைக்கவும்." இப்போது பால் குளிரறைக் கதவையும் சிலர் திறந்து வைக்கிறார்கள் என்று கேள்வி. இயந்திரம் அதேதான். ஐம்பத்தொரு அங்குலமும் தாராளமாக நுழையும் ஆறடிக் கதவுக்குப் பின்னால், முப்பது அங்குலத்தில் கச்சிதமாக நிற்கிறது.

கார்த்திகா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். எந்த இயந்திரம் என்று நான் சொல்லப் போவதில்லை. அதை நீங்கள் என்னைவிட நன்றாகப் பார்ப்பீர்கள். நீங்கள் போனை வைக்கும் முன், புது இயந்திரத்துக்கு அறை கட்டி முடித்தாகிவிட்டது என்று போகிற போக்கில் சொன்னீர்கள். அதைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதி வையுங்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கோப்பில் வையுங்கள்.

நாங்கள் மூவரும் சேர்ந்து கையெழுத்திட்ட முதல் தாள் உங்கள் கோப்பில் இருக்கிறது. இரண்டாவதைப் பார்க்க வேண்டுமென்றால் கன்னிவாடிக்குத்தான் போக வேண்டும். போன தையில் நான் போயிருந்தேன். இரண்டாம் கேன் குச்சியில் சினைபிடித்து அந்த மாடு போட்ட கிடாரி வளர்ந்து, இப்போது அதுவே சினையாக நிற்கிறது. பாப்பாத்தி அந்தத் தாளை லேமினேட் செய்து மாட்டுக்கொட்டகையில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். மாடு போகாமல் இருந்ததன் நினைவாக வைத்திருக்கிறார் என்று நினைத்து, அதை முருகேசனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

"நெனப்புக்கு இல்லண்ணே. பால் எடுக்குற எடத்துல பால் தண்ணியா இருக்கு, அளவு குறையுதுன்னு யாராச்சும் சொன்னா, பாப்பாத்தி அத ஆணியிலேர்ந்து கழட்டிக் கொண்டாந்து மேசை மேல வச்சிரும். 'ஒங்க அளவு எப்படின்னு மூணு பேரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காக, படிச்சுட்டு மறுபடி அளங்க'ன்னு சொல்லும்."

மறுபடி அளக்கிறார்களா என்று கேட்டேன்.

"ஒவ்வொரு தடவையும்ணே."